எழுதாமல் விட்ட மூன்றாம் பிரதி

ஆங்கில இலக்கணத்தைத் துறந்து வந்த ஒருவரால் உலகம் அறிந்த ஊர் திருவண்ணாமலை. அதே ஊரில், மலையடிவாரத்தை விட்டு அகலாமலே அஞ்சல் வழியில் ஆங்கில மொழியியல் பயில்வோரைப் பற்றிய சிறப்புக் கட்டுரை.

1896-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ஆம் தேதி, சனிக்கிழமை முற்பகலில், மதுரையில் ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டில், பதினாறு வயது நிரம்பிய மாணவன் ஒருவன், அலெக்ஸாண்டர் பெய்ன் என்னும் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் இயற்றிய ஆங்கில இலக்கண நூலைத் தன்முன் விரித்துவைத்து, அதில் ஒரு பாடத்தைப் பிரதி செய்துகொண்டிருந்தான். பாடத்தைச் சரிவரப் படித்து வராத குற்றத்துக்காக அதை மூன்று முறை எழுதிவர வேண்டும் என்பது உபாத்தியாயர் விதித்த தண்டனை. இரண்டு பிரதிகள் எழுதியாகிவிட்டன. மூன்றாவதில் கை வைக்கும் தறுவாயில், இந்த யந்திர வேலையால் ஆவது என்ன என்ற எண்ணம் மேலிடவே, காகிதங்களை ஒதுக்கிவிட்டுக் கண்களை மூடி அமர்ந்துவிட்டான். அதைக் கண்ட தமையனார் கடிந்துகொண்டார். அன்று நடுப்பகலிலேயே, தமையனாரின் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டும்படி எடுத்துக்கொள்ளச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டு ரூபாயையும் ஒரு சிறு கடிதத்தையும் வைத்துவிட்டு ரயிலேறிய வேங்கடராமன் என்ற அந்த மாணவன், செப்டம்பர் 1-ஆம் தேதி காலையில் திருவண்ணாமலையை அடைந்தான். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் போற்றிய அவர், 1950-இல் உடல் நீங்கும் வரையில் இந்த மலையை விட்டு அகலவே இல்லை. பெய்ன் துரையின் பாடத்துக்கு மூன்றாம் பிரதி எழுதப்படவும் இல்லை.

இந்தச் சரித்திரத்தை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அந்த மூன்று ரூபாய்ப் பிரயாணம் நிகழ்ந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்ட இந்நாளில், அதே மலையின் அடிவாரத்தில், பகலெல்லாம் பள்ளிக்கூடத்திலோ பாங்கியிலோ ஜவுளிக் கடையிலோ உழைத்துவிட்டு, இரவில் குழந்தைகள் உறங்கிய பிறகு, யாரும் விதிக்காத ஆங்கில இலக்கணத்தைத் தாமாகவே விரித்துவைத்துக்கொள்ளும் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். ‘கரஸ்ல எம்.ஏ. பண்றேன்’ என்று இவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்கள். கரஸ்பாண்டன்ஸ் என்ற நீண்ட சொல் வாலறுந்து ‘கரஸ்’ என்று சுருங்கியதே மொழியியல் மாணவர் கவனிக்கத்தக்க ஒரு மாறுதல்தான். ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் எதிர்பார்த்துப் பாடப் பொதியைப் பிரிக்கும் இவர்களுக்கு, நடுவே கிடக்கும் மொழியியல் தாள் ஒன்று, நாவின் படமும் மூக்கறையின் படமும், கிளைகள் தலைகீழாகத் தொங்கும் மரப் படங்களுமாக, இது வைத்திய சாஸ்திரமோ கணித சாஸ்திரமோ என்று மயங்கும்படி எதிர்ப்படுகிறது. எல்லாத் தாளையும் எழுதிவிடலாம், இதில் மட்டும் அரியர் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தோடேயே பலரும் அதை அணுகுகிறார்கள்.

இந்த அச்சம் அநாவசியமானது என்பதே என் அபிப்பிராயம். ஆசிரியரின் முகத்தைக் காணாமல் படிக்கத்தக்க பாடம் ஒன்று உண்டென்றால் அது மொழியியல்தான். ஏனெனில் அதற்கு வேண்டிய ஆய்வுச்சாலை மாணவருடைய வாயிலும் அவர் நடக்கும் வீதியிலும் இருக்கிறது. ஆங்கிலத்தைத் தேடி அதற்குள் நுழைகிறவர் வெளியே வரும்போது கையில் பெரும்பாலும் தமிழை எடுத்துக்கொண்டு வருகிறார் என்பது இரண்டாவது விஷயம். இவ்விரண்டையும் சற்று விரித்துச் சொல்லுகிறேன்.

ஆகாச ஸ்தலத்திலிருந்து அக்கினி ஸ்தலத்துக்கு

அஞ்சல் வழிக் கல்வியின் பூர்வ சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இங்கிலாந்தின் ஐசக் பிட்மனிலிருந்து தொடங்குவது வழக்கம். தாம் கண்டுபிடித்த சுருக்கெழுத்தை 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் தபால் மூலம் கற்பித்தார். நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற அந்தச் சுருக்கெழுத்து, சொல்லின் எழுத்துக்கூட்டலை விட்டு அதன் ஒலியை மட்டும் வரைவது. ஆகவே, தபாலில் முதன்முதல் போதிக்கப்பட்ட பாடங்களில் ஒன்றே ஒலியைச் செவியால் பகுத்துக் கோட்டால் குறிக்கும் வித்தையாக, அதாவது ஒலியியலுக்கு மிக நெருங்கிய உறவாக அமைந்துவிட்டது. 1858 முதல் லண்டன் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளில் காலடி வைக்காதவர்களுக்கும் பரீட்சை எழுதிப் பட்டம் பெறும் வாய்ப்பைத் திறந்துவிட்டது.

நம் தேசத்தில் இந்த முறை 1962-இல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆரம்பமாயிற்று. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் அதைக் கைக்கொண்டன. 1985-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இதற்கென்றே தோன்றின. மதுரையின் முதல் துணைவேந்தராயிருந்த தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் மொழியியலில் பெரும் புலமை வாய்ந்தவர் என்பதும், 1971-இல் அவருக்குப் பின் அப்பதவியை ஏற்ற மு. வரதராசனார் ‘மொழி நூல்’ எழுதியவர் என்பதும், தபால் கல்விக்கும் பாஷா சாஸ்திரத்துக்கும் இந்நாட்டில் இருந்த சம்பந்தத்தை எடுத்துக்காட்டுகின்றன.

திருவண்ணாமலைவாசிகளுக்கோ சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர் என்றாலே ஒரு தனி வாஞ்சை. 1929-இல் எழுந்த அந்தப் பல்கலைக்கழகம், ஸ்தாபகராகிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பெயர் வழியாக இந்த மலையின் பெயரையே தாங்கி நிற்கிறது. தெ.பொ.மீ.யும் பின்னர் ச. அகத்தியலிங்கம் முதலியோரும் வளர்த்த மொழியியல் துறை அதன் கீர்த்திக்கு ஒரு காரணம். பஞ்சபூத ஸ்தலங்களில் சிதம்பரம் ஆகாசம், திருவண்ணாமலை அக்கினி. சப்தம் ஆகாசத்தின் குணம் என்பது நம் முன்னோர் சித்தாந்தம். ஒலியைப் பற்றிய பாடம் ஆகாச ஸ்தலத்தில் அச்சாகி அக்கினி ஸ்தலத்துக்குத் தபாலில் வந்து சேர்ந்த பொருத்தத்தை எண்ணி மகிழாமல் இருக்க முடியவில்லை.

எழுதிக் காட்டிய உபதேசம்

‘வாத்தியார் இல்லாமல் படிக்கிற படிப்பும் ஒரு படிப்பா?’ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு இரண்டு திருஷ்டாந்தங்களைக் காட்டலாம்.

நவீன மொழியியலின் மூல நூல் என்று கருதப்படும் ‘பொது மொழியியல் பாடம்’ 1916-இல் வெளியாயிற்று. அதன் ஆசிரியர் என்று பெயர் பொறிக்கப்பட்டிருக்கும் பெர்டினாண்டு டி சசூர் 1913-லேயே காலமாகிவிட்டார். அந்தப் புத்தகத்தை அவர் எழுதவும் இல்லை. ஜெனீவாவில் அவர் நிகழ்த்திய விரிவுரைகளை மாணவர்கள் குறித்துவைத்த நோட்டுப் புத்தகங்களைத் திரட்டி, சார்லஸ் பாயி, ஆல்பர்ட் செஷ்ஹே என்ற இரு சகாக்கள் அதைத் தொகுத்தார்கள். தொகுத்த அவ்விருவருமே அந்த வகுப்புகளில் அமர்ந்து கேட்டவர்கள் அல்லர். பிறர் எழுதிய குறிப்பிலிருந்து ஆசானின் கருத்தைத் தேடித் துருவி மீட்டெடுத்த அவர்களை, இந்தச் சாஸ்திரத்தின் முதல் தபால் மாணவர்கள் என்றே சொல்லிவிடலாம்.

இரண்டாவது திருஷ்டாந்தம் இந்த மலையிலேயே நிகழ்ந்தது. 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் மலைமேல் இருந்த இளந்துறவியை அணுகித் தம் சந்தேகங்களைக் கேட்டார். ரமணர் அக்காலத்தில் பேசுவதில்லை. ஆதலால் விடைகளை எழுதியே காட்டினார். அந்த வினாவிடைதான் பிற்காலத்தில் ‘நான் யார்?’ என்ற பெயரில் நூலாயிற்று. வாய் திறவாத ஆசிரியரிடமிருந்து எழுத்தின் மூலம் பாடம் கேட்கும் முறை இந்த ஊருக்குப் புதிதன்று.

அகல் சுடர் போதிக்கும் பாடம்

இனிப் பாடத்துக்குள் நுழைவோம். நகரத்துக் கல்லூரிகளில் மொழிப் பயிற்சிக்கூடம் என்று ஒன்று இருக்கும். காதுக் கருவிகளும் கண்ணாடித் தடுப்புகளுமாகக் குளிரூட்டப்பட்ட அறையில் மாணவர் அமர்ந்து ஒலிகளைக் கேட்பார்கள். கரஸ் மாணவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் அவர் வீட்டுப் பூஜை அறையில் ஓர் அகல் விளக்கு இருக்கிறது. அதன் சுடருக்கு ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்துக்கொண்டு, தமிழில் ‘பல்’ என்று சொல்லிப் பாருங்கள். சுடர் அநேகமாக அசையாது. இப்போது, குண்டூசியைக் குறிக்கும் ‘பின்’ என்ற ஆங்கிலச் சொல்லை, ஆங்கிலேயர் உச்சரிப்பதுபோல் மூச்சை வெடிக்கவிட்டுச் சொல்லுங்கள். சுடர் தலை சாய்ந்து, சில சமயம் அணைந்தும் போகும். மூன்றாவதாக, சுழலுதல் என்று பொருள்படும் ‘ஸ்பின்’ என்ற சொல்லைச் சொன்னால், அதே எழுத்து இருந்தும் சுடர் மறுபடி நிமிர்ந்து நிற்கும். சொல் முதலில் வரும் பகரத்தில் ஆங்கிலேயர் மூச்சைக் கலக்கிறார்கள், ஸகரத்துக்குப் பின் வரும்போது கலப்பதில்லை என்று பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் விளக்கப்படும் விஷயம், மூன்று விநாடியில் பிரத்தியட்சமாகிவிடுகிறது. ஆயுட்காலம் முழுவதும் ஆங்கிலம் பேசிய துரைமார்களில் பலருக்குத் தம் வாயில் இரண்டு பகரம் இருப்பது தெரியாமலே போயிருக்கும். தமிழ்ச் செவிக்கு அந்த வித்தியாசம் அந்நியமானது. அந்நியமானதாலேயே சற்றுப் பழகியதும் புலப்பட்டுவிடுகிறது.

விளக்கோடு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் இருந்துவிட்டால் ஒலியியலில் பாதி முடிந்தது. உதடு குவிவதும் பரவுவதும் கண்ணாடியில் தெரியும். குரல்வளையில் விரலை வைத்தால் நாதம் உள்ள ஒலி எது, இல்லாத ஒலி எது என்பது அதிர்விலிருந்து விளங்கும். இத்தனை சோதனைகளையும் சொல்லிக் கொடுக்கும் டி. பாலசுப்பிரமணியனுடைய ‘இந்திய மாணவர்க்கான ஆங்கில ஒலியியல் பாடநூல்’, 1981-இல் மேக்மில்லன் வெளியீடாக வந்தது முதல், தமிழ்நாட்டு எம்.ஏ. ஆங்கில மாணவரின் கையை விட்டு நீங்காமல் இருந்து வருகிறது. பாடப் புத்தகத்தின் நாப் படங்களையெல்லாம் பார்த்து வியக்கும் மாணவர், தொல்காப்பியத்தின் பிறப்பியலை ஒருமுறை புரட்டினால் இன்னும் அதிகமாக வியப்பார். உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து எட்டு நிலைகளில் எழுத்தாகப் பிறக்கும் முறையை அந்த இலக்கணம் வகுத்துக் காட்டியிருக்கிறது.

ஒரு மலை, ஐந்து முகம்

மொழியியலில் மாணவரை முதலில் மிரட்டும் சொல் ‘போனீம்’ என்பது. ஒலியன் என்று தமிழில் சொல்லுகிறோம். காதில் விழும் பல ஒலிகளைப் பேசுகிறவன் மனம் ஒரே எழுத்தாகப் பாவித்துக்கொள்கிறது என்பதே இதன் தாத்பரியம். புத்தகத்தின் வரைவிலக்கணத்தை எத்தனை முறை படித்தாலும் பிடிபடாத இந்தக் கருத்தைத் திருவண்ணாமலைக்காரர் கால்நடையாகவே அறிந்தவர். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஓரிடத்தில் மலை ஒற்றைச் சிகரமாக நிமிர்ந்து நிற்கிறது. அப்பால் போனால் இரண்டாய்ப் பிரிகிறது. பஞ்சமுக தரிசனம் என்று வழங்கும் இடத்தில் ஐந்து முகம் காட்டுகிறது. எத்தனை முகம் காட்டினாலும் எந்தப் பக்தரும் இங்கே ஐந்து மலைகள் இருப்பதாகச் சொல்வதில்லை. நின்று பார்க்கும் இடம் மாறியதால் தோற்றம் மாறியது, மலை ஒன்றுதான்.

தமிழ்க் ககரம் அத்தகையது. ‘கடல்’ என்னும்போது ஒரு விதமாகவும், ‘தங்கம்’ என்னும்போது வேறு விதமாகவும், ‘மகன்’ என்னும்போது இன்னும் மெலிந்து ஹகரத்தின் சாயலிலும் அது ஒலிக்கிறது. ‘பக்கம்’ என்று இரட்டிக்கும்போது மறுபடியும் வன்மை கொள்கிறது. ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வாராது. ஆகையால் நம் முன்னோர் இவை அனைத்துக்கும் ஒரே வடிவத்தை வைத்தார்கள். தமிழில் வர்க்க எழுத்துக்கள் இல்லையே என்று குறைபட்டுக்கொள்கிறவர்களுக்கு, ஒலியனைக் கண்டறிந்து எழுத்து வகுத்த கூரிய அறிவே இந்தச் சிக்கனத்துக்கு ஆதாரம் என்று மொழியியல் மாணவர் பதில் சொல்ல முடியும். அந்தப் பதிலை அவர் கற்றது ஆங்கிலப் பாடத்திலிருந்து என்பதுதான் விசேஷம்.

உருபனியலிலும் இதே கதை. ‘கேட்ஸ்’, ‘டாக்ஸ்’, ‘ஹார்ஸஸ்’ என்ற மூன்று ஆங்கிலப் பன்மைச் சொற்களிலும் எழுத்தில் ஒரே விகுதி இருக்க, உச்சாரணத்தில் அது மூன்று வேஷம் போடுகிறது. எந்த ஒலியை அடுத்து எந்த வேஷம் என்பதற்கு விதி உண்டு. பவணந்தி முனிவர் இறந்தகால இடைநிலையைத் த், ட், ற், இன் என்று பிரித்து வைத்ததைப் பள்ளியில் நெட்டுருப் போட்டவருக்கு, ‘செய்தான், உண்டான், கற்றான், பாடினான்’ என்பவற்றில் அன்று வெறும் மனப்பாடமாக இருந்த விஷயம், இன்று ஒரே பொருளின் நான்கு உருவங்களாகக் கண்முன் எழுந்து நிற்கிறது.

‘இஸ்டாப்பு’ம் ‘ரொறன்ரோ’வும்

இனி வீதிக்கு வருவோம். ‘ஆசிரமம் இஸ்டாப்பு எறங்குங்க’ என்று கூவும் பஸ் கண்டக்டரின் ஆங்கிலத்தைக் கேட்டுப் புன்னகை செய்வது படித்தவர்களின் சுபாவம். மொழியியல் படித்தவரோ புன்னகைக்கு முன் யோசிக்கிறார். மெய்யெழுத்துக்கள் கூட்டாகச் சொல்லுக்கு முதலில் நிற்பதைத் தமிழ் அனுமதிப்பதில்லை. ஆகவே முன்னால் ஓர் இகரம் வந்து தாங்கிக்கொள்கிறது. வல்லின மெய் சொல்லுக்கு இறுதியில் நிற்பதையும் தமிழ் அனுமதிப்பதில்லை. ஆகவே பின்னால் ஓர் உகரம் வந்து முட்டுக்கொடுக்கிறது. மொழி முதல் எழுத்து, மொழி இறுதி எழுத்து என்று தொல்காப்பியர் வகுத்த அதே விதிகளை, அவர் பெயரைக்கூடக் கேட்டிராத ஒரு நாவு, ஓடும் வண்டியின் படியில் தொற்றிக்கொண்டு, ஒரு பிசகும் இல்லாமல் அனுஷ்டிக்கிறது. பிழை என்று நாம் ஒதுக்கியதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டுகொள்ளும் அந்தக் கணத்தில் மாணவருடைய மனோபாவமே மாறிவிடுகிறது.

ஆங்கிலத்தின் டகரம் நம் டகரமன்று. நாம் நாவை மடித்து அண்ணத்தில் வைக்கிறோம்; அவர்கள் மேல்பல்லின் ஈறை நுனிநாவால் தொடுகிறார்கள். நம் ‘கற்ற’ என்ற சொல்லின் றகரம் பிறக்கவேண்டிய இடமும் அதுவே. யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இந்த ஒற்றுமையை எழுத்திலேயே காட்டிவிட்டார்கள். கனடாவில் நாம் ‘டொரன்டோ’ என்று எழுதும் நகரம் அவர்கள் பத்திரிகைகளில் ‘ரொறன்ரோ’ ஆகிறது. நம் டெலிபோன் அவர்களுக்கு ‘ரெலிபோன்’. விநோதமாகத் தோன்றும் அந்த எழுத்துக்கூட்டலுக்குப் பின்னால் நுட்பமான செவி ஒன்று இருப்பதை ஒலியியல் உணர்த்துகிறது.

தமிழ் ஒலிகளைத் துல்லியமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் பிரிட்டனிலேயே பொது மொழியியலின் முதல் பேராசிரியராக விளங்கியவர் என்பதும் இங்கே சொல்லத்தக்கது. 1919 முதல் 1928 வரையில் லாகூரில் ஆங்கிலம் போதித்த ஜே. ஆர். பர்த் என்ற அவர், தமிழ் உச்சாரணத்தைப் பற்றி எழுதிய ஒரு சிறு விளக்கம், ஆர்டன் பாதிரியாரின் தமிழ் இலக்கண நூலுக்கு 1934-இல் அநுபந்தமாக வெளிவந்தது.

ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் மாலை நேரத்தில் சற்று நடந்தால் ஜெர்மானியரின் ஆங்கிலமும் பிரெஞ்சுக்காரரின் ஆங்கிலமும் ரஷ்யரின் ஆங்கிலமும், அவர்களுக்கு இளநீர் வெட்டித் தருபவரின் ஆங்கிலமும் ஒரே மூச்சில் காதில் விழும். பௌர்ணமி தோறும் வந்து குவியும் ஆந்திர யாத்திரிகர்களின் தெலுங்கு இடையிடையே ஊடாடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், இரண்டாம் மொழியாகக் கொண்டவர், அந்நிய மொழியாகக் கற்றவர் என்று உலகை மூன்று வட்டங்களாகப் பிரித்து, ஆங்கிலம் ஒன்றல்ல, பல என்று 1985-இல் வாதித்த பிரஜ் கச்ரு காஷ்மீரத்தில் பிறந்தவர். அவருடைய மூன்று வட்டங்களும் ஒரு டீக்கடை வாசலில் வந்து சேரும் ஊர்களில் இது ஒன்று.

‘நான்’ என்பதும் ‘இது’ என்பதும்

மதுரையில் வைத்துவிட்டு வந்த அந்தக் கடிதத்தை நினைவுகூர்வோம். ‘நான்’ என்று அது தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்திலேயே எழுதுகிறவன் தன்னை ‘இது’ என்று குறிப்பிடத் தலைப்படுகிறான். முடிவில் கையொப்பமே இல்லை, கோடுகள் மட்டும் இருக்கின்றன. பக்தர்கள் இதில் அகங்காரம் கரைவதைக் காண்கிறார்கள். மொழியியல் மாணவர் அதே இடத்தில் சுட்டு என்னும் தத்துவத்தைக் காண்கிறார். ‘நான்’, ‘இது’, ‘இங்கே’, ‘இன்று’ என்ற சொற்களுக்கு நிலையான பொருள் கிடையாது. யார், எங்கே, எப்போது சொல்லுகிறார் என்பதைப் பொறுத்தே பொருள். அதனால்தான் ‘நான் யார்?’ என்ற இரண்டு சொற்கள் ஒவ்வொருவர் வாயிலும் வெவ்வேறு கேள்வியாகின்றன.

இ, அ, உ என்று தமிழில் மூன்று சுட்டுக்கள் இருந்தன. நடுவில் உள்ளதைக் காட்டும் ‘உது’ இங்கே வழக்கொழிந்துவிட, யாழ்ப்பாணத்தில் மட்டும் பிழைத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் ‘திஸ்’, ‘தட்’ என்ற இரண்டுக்கு அப்பால் சேய்மையைக் காட்டும் ‘யான்’ என்ற மூன்றாம் சுட்டு ஒன்று முன்பு வழங்கிப் பின்பு தேய்ந்தது. சம்பந்தமே இல்லாத இரண்டு பாஷைகள் ஒரே மாதிரி ஏழ்மை அடைந்திருப்பதைப் பார்க்கையில் ஒருவித அநுதாபம்கூட உண்டாகிறது.

தலைகீழ் மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பெரிய கோபுர நிழல்’ என்று எழுதுங்கள். 217 அடி உயர்ந்த ராஜகோபுரத்தின் நிழல் என்றும் கொள்ளலாம். கோபுரம் எத்தகையதாயினும் நிழல் பெரியது என்றும் கொள்ளலாம். சொற்கள் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை, எது எதோடு முதலில் சேருகிறது என்பது மட்டும் மாறுகிறது. அந்தச் சேர்க்கையைக் கண்ணுக்குத் தெரியும்படி வரைவதே மரப் படத்தின் பிரயோஜனம். 1957-இல் வெளியான நோம் சாம்ஸ்கியின் ‘வாக்கிய அமைப்புகள்’ என்ற சிறு நூலுக்குப் பிறகு உலகத்து வகுப்பறைகளிலெல்லாம் முளைத்த அந்த மரங்களின் கீழ் அஞ்சத்தக்கது ஏதும் இல்லை.

அறுபது கிரிவலம்

இவ்வளவும் சொன்ன பிறகு கஷ்டங்களைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. ஆங்கிலத்தில் முதல் வருஷத்தில் ‘மொழியின் கூறுகள்’ என்று நெடுங்காலமாக ஒரு தாள் இருந்து வருகிறது. அது எட்டுக் கிரெடிட் கொண்டது. ஒரு கிரெடிட்டுக்கு முப்பது மணி நேரப் படிப்பு என்பது கணக்கு. ஆக, இந்த ஒரு தாளுக்கு 240 மணி நேரம். கிரிவலத்துக்கு நான்கு மணி நேரம் என்று கொண்டால், அறுபது முறை மலையைச் சுற்றிவரும் காலம் இது; பௌர்ணமிக்கு ஒன்றாகச் சுற்றினால் ஐந்து வருஷம் ஆகும். நூற்றுக்கு முப்பது அசைன்மென்டுக்கும் எழுபது பரீட்சைக்குமாக மதிப்பெண் பிரிந்திருப்பதால், அசைன்மென்டைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் பரீட்சையில் விழிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எட்டுவதில்லை.

பட்டத்தின் செல்லுபடியைப் பற்றியும் எச்சரிக்கை அவசியம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைநிலைப் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமானமே என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் அங்கீகாரம் நிறுவனத்துக்கும் படிப்புக்கும் ஆண்டுக்குமாகத் தனித்தனியே பார்க்கப்படுவது. சேருமுன் அக்குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில், தாம் சேரும் ஆண்டுக்கு எதிரே படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளாதவர்கள் பிற்பாடு அலைய நேரும். ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் உயர்கல்வியின்மேல் இருந்த ஆசைக்கு ஊக்க ஊதிய உயர்வு ஒரு காரணமாயிருந்தது; தமிழக அரசு அதை 2020 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. இன்று சேருகிறவர்களுள் படிப்புக்காகவே சேருகிறவர்களின் விகிதம் கூடியிருக்கும் என்று நம்ப விரும்புகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம் காது சம்பந்தமானது. சுடர் மூச்சைக் காட்டும், அழுத்தத்தைக் காட்டாது. ‘ரெக்கார்ட்’ என்ற சொல்லின் முதல் அசையை அழுத்தினால் பதிவேடு, இரண்டாவதை அழுத்தினால் பதிவு செய்தல். எல்லா அசைகளையும் ஏறக்குறைய சமமாக ஒலித்துப் பழகிய நமக்கு, இதைச் சொல்லிக் கேட்டுத் திருத்த இன்னொரு மனிதர் வேண்டியிருக்கிறது. இன்டர்நெட்டில் உச்சரிப்பைக் கேட்கலாம். நாம் உச்சரிப்பதை அது பொறுமையாகக் கேட்டுத் திருத்துமா என்பது வேறு விஷயம். ஆண்டில் சில நாள் நடக்கும் காண்டாக்ட் கிளாஸைத் தவறவிடக்கூடாது என்பது இதனால்தான்.

நானும் ஒரு காலத்தில் தபாலில் படித்தவன். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் என் பாடப் பொதி வந்து சேர்ந்தது. எந்த நிறுவனம் என்பது இப்போது அநாவசியம். அச்சகத்தில் ஒலிக்குறி எழுத்துக்கள் இல்லாத காரணத்தால், குறி இருக்கவேண்டிய இடங்களிலெல்லாம் வெற்றுக் கட்டங்கள் விழுந்திருந்தன. ‘இச்சொல் கீழ்க்கண்டவாறு ஒலிக்கப்படும்’ என்று ஒரு வரி, அதன் கீழே நான்கு காலிக் கட்டங்கள். கோபமாகத்தான் இருந்தது. பிறகு ஓர் அகராதியை இரவல் வாங்கி, பென்சிலைச் சீவிக்கொண்டு, கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பத் தொடங்கினேன். முதல் முறை எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதியதால் பாதி தவறு. இரண்டாம் முறை அகராதியைப் பார்த்து எழுதியதில் குறிகள் சரியாக இருந்தன, ஆனால் ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. மூன்றாம் முறை அகராதியை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லி, காதில் விழுந்ததை எழுதினேன். அன்றைக்குத்தான் பாடம் ஏறிற்று.

வேங்கடராமனுக்கு அந்த மூன்று பிரதியும் பிறர் விதித்தவை. ஆகையால் அவர் எழுந்து தம் வழியே போனது நியாயம். மலையடிவாரத்தில் ஏதோ ஒரு வீட்டில் இன்றிரவு, பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, அகலை ஏற்றி, அதன்முன் அமர்ந்து ‘பின், ஸ்பின்’ என்று சொல்லிப் பார்க்கும் தாய் ஒருத்திக்கு யாரும் ஒன்றும் விதிக்கவில்லை. நோட்டில் இரண்டு முறை எழுதி அடித்திருக்கிறாள். சுடர் சாய்கிறதா என்று பார்த்துவிட்டு, மூன்றாம் முறை எழுதுகிறாள்.